குமிழேரி மடலில் வராத செய்தி

குமிழேரியில் யார் வீட்டில் காது குத்து, யாருடைய பசு காணாமல் போனது, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்பதெல்லாம் ஜாய்ஸுக்குத் தெரியாமல் போகாது. ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், குமிழேரி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பேருந்துக்கு நிற்பவர்கள் நிழலுக்காகக் கடை வாசலுக்கு வருவார்கள். வந்தவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், எதையாவது பேசுவார்கள். அப்படிக் கேட்டதையெல்லாம் சேர்த்துத்தான் 'குமிழேரி மடல்' உருவானது.

அவள் பிறந்தது பொறையாறு. லுத்தரன் குடும்பம். தட்டச்சு படித்த கையோடு, இருபத்து மூன்று வயதில் அரசுப் பேருந்து நடத்துநர் ஜோசப்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, எந்தக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று ஒரு தாளில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நோய் போனது, தாள் நின்றுவிடவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, இரண்டு பக்கம். டீக்கடையில், சர்ச்சில், பள்ளிவாசலில், ரேஷன் கடையில் அச்சுப் பிரதி வைப்பாள். மற்றவர்களுக்குக் கைபேசியில் போய்விடும். "மடல்ல போட்டிருந்துச்சே" என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்கிற அளவுக்கு ஊர் அதை நம்பியது.

மடலில் அவள் விடாமல் எழுதி வந்த ஒரு விஷயம் உண்டு. அது ஏரி. இருநூறு ஏக்கர் ஏரி. கல்லணைக் கால்வாயின் கிளையிலிருந்து தண்ணீர் வரும். பாதிக்கு மேல் தூர்ந்து, காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. தூர் வார வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், கரை மேல் நடைபாதை போட வேண்டும், பெண்கள் சாயங்காலம் காற்றாட நடக்க ஓர் இடம் வேண்டும் என்று இரண்டு வருடம் எழுதினாள். அவளுக்கு அந்த நடைபாதை மேல் ஓர் ஆசை. பொறையாற்றில் கடற்கரைக்கு நடந்து பழகியவளுக்கு, வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் மட்டும் நடந்து நடந்து அலுத்துவிட்டது.

கடைசியில் ஏரி மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. ரைஸ்மில் மருதையன் தலைவரானார். அறுபது தாண்டியவர், வெள்ளை வேட்டி, எல்லாரிடமும் சிரித்த முகம். அவர் அலைந்து திரிந்துதான் வேலை நடந்தது என்பதை அவருக்குப் பிடிக்காதவர்கள்கூட மறுக்க மாட்டார்கள். மே மாதம் மண் அள்ளும் இயந்திரங்கள் ஏரிக்குள் இறங்கின. ஆகஸ்டில் கிழக்குக் கரை மேல் சிவப்புக் கல் பதித்து, உட்கார பெஞ்சும் போட்டாகிவிட்டது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மடல் போட ஜாய்ஸ் முடிவு செய்தாள். "நமது ஏரியைப் பற்றி உங்கள் கருத்தை எழுதியோ பேசியோ அனுப்புங்கள்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி விட்டாள்.

நாற்பது பேருக்கு மேல் அனுப்பினார்கள். பாதிப் பேர் கும்பிடும் கை பொம்மை, மீதிப் பேர் வாழ்த்து. அதில் ஒன்று செல்லதுரை அனுப்பிய குரல் பதிவு.

செல்லதுரை அந்த ஏரியின் நீர்பாய்ச்சி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுவது, ஏரி நிரம்பினால் கலிங்கு ஷட்டரைத் தூக்கி மிச்சத் தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் அப்பாவும் அதையேதான் செய்தார். தெற்குத் தெருவில் வீடு. ஐம்பத்தெட்டு வயது. அதிகம் பேசாத மனிதர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதுவது சிரமம்.

"ஜாய்ஸம்மா, செல்லதுரை பேசுறேன். ஏரியப் பத்தி யாரு வேணாலும் சொல்லலாம்னு போட்டிருந்தீங்கல்ல, அதான்" என்று தொடங்கியது பதிவு. "கெழக்குக் கரையில, ரெட்டைப் பனைக்குக் கொஞ்சம் வடக்க, பழைய தூம்பு ஒண்ணு கெடக்கு. கரைக்கு அடியில தண்ணி போறதுக்குக் கல்லுல கட்டுன வழி. புது மதகு வந்தப்பவே அத விட்டுட்டாங்க. ஏரிப் பக்கம் வாய்ல களிமண்ணு வச்சு அடைச்சிருந்துச்சு. இப்ப தூர் வாரயில மிஷினு அந்தக் களிமண்ணையும் சேத்து அள்ளிட்டுப் போயிருச்சு. வாய் தொறந்து கெடக்கு. பாக்காம மேல மண்ணக் கொட்டி, கல்லும் பதிச்சுட்டாங்க. ஏரி ரொம்புனா தண்ணி அந்த வழியத் தேடிக்கும்மா. கரையத் தோண்டி, தூம்ப எடுத்துட்டு, களிமண்ணப் போட்டு மிதிச்சு ஏத்தணும். மருதையன் ஐயாகிட்டயும் சொன்னேன். சரி சரிங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை எழுதுனீங்கன்னா செஞ்சிருவாங்க. பொம்பளைங்க புள்ளைங்க நடக்கப் போற எடம்."

ஜாய்ஸ் அதை இரண்டு முறை கேட்டாள். உடனே மருதையனுக்குப் போன் செய்தாள்.

"சார், செல்லதுரை அண்ணன் ஏதோ தூம்பு அது இதுன்னு சொல்றாரு…"

"அதெல்லாம் இன்ஜினியர் பாத்தாச்சும்மா. அவன் எப்பவும் அப்படித்தான், பழசையே பேசிக்கிட்டிருப்பான். திறப்பு விழாவுக்குப் பெரியவங்கல்லாம் வர்றாங்க. இப்பப் போயி அதக் கெளப்பாத. வேலையவே நிறுத்திப்புடுவாங்க."

அவர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிற்பாடு அவளைக் குடைந்தது அந்த நிம்மதிதான். கல் பதித்த நடைபாதையை மறுபடி பெயர்ப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுடைய நடைபாதை அது. ரெட்டைப் பனை வரை நடந்து போய் ஒரு பார்வை பார்த்து வந்திருக்கலாம். கடையிலிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை. செல்லதுரைக்குக் கை கூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த பதிவுக்குப் போனாள்.

சிறப்பு மடல் வண்ணத்தில் வந்தது. முதல் பக்கத்தில் "நூறாண்டு தாங்கும் கரை" என்று தலைப்பு. அதை வைத்தது அவள்தான்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை ஏரி தளும்பி நின்றது. சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. மணி மூன்று இருக்கும். கிழக்குக் கரை உடைந்துவிட்டது என்றார்கள்.

ஜாய்ஸ் குடையோடு போனாள். ரெட்டைப் பனைக்குக் கொஞ்சம் வடக்கே, ஒரு வீட்டை உள்ளே வைக்கலாம் போலக் கரை வாய் பிளந்து கிடந்தது. சிவப்புக் கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. கீழே வயல்கள். பால் பிடிக்கிற பருவத்துச் சம்பா. அதன் மேல் தண்ணீர் மண்ணையும் மணலையும் வாரிக் கொட்டிக்கொண்டு போனது. அந்தோணிமுத்து என்ற விவசாயி தன் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்தபடி மழையில் தலையில் துண்டுகூடப் போடாமல் நின்றார். அவருடைய இரண்டு கறவை மாடுகளும் போய்விட்டன. ஆள் சேதம் இல்லை. மழை என்பதால் அன்றைக்கு நடைபாதையில் யாரும் இல்லை.

உடைப்புக்குள் இறங்கி மணல் மூட்டையைத் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்த ஐந்தாறு பேரில் செல்லதுரையும் இருந்தார். மார்பளவு தண்ணீர். அவர் அவளைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் மருதையன் போன் செய்தார்.

"மடல்ல என்ன போடப் போற?"

"என்ன நடந்துச்சுன்னுதான் சார்."

"கலிங்கு ஷட்டர நேரத்துக்குத் தூக்கல. அதான் தண்ணி ஏறிக் கரையத் தள்ளிருச்சு. நான் சொன்னேன்னே போடு."

அவள் செல்லதுரைக்கு ஒரு முறை போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மறுபடி முயலவில்லை, தெற்குத் தெருவுக்குப் போகவும் இல்லை. "கலிங்கு ஷட்டரைத் திறப்பதில் நீர்பாய்ச்சி தாமதித்ததே உடைப்புக்குக் காரணம் என்று குழுத் தலைவர் தெரிவித்தார்" என்று அடித்தாள். 'தெரிவித்தார்' என்ற சொல்லை அடிக்கும்போது அதற்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அச்சுக்கு அனுப்பினாள்.

மடலில் வந்துவிட்டது. அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வாரமே ஏரிப் பாசன விவசாயிகள் கூடி, செல்லதுரையிடமிருந்து ஷட்டர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அறுவடையில் அவருக்குக் கூலியாக அளக்கும் நெல்லும் கிடையாது என்றார்கள். பயிர் போன ஆத்திரத்தில் ஓரிருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். குடித்துவிட்டுக் கிடந்தான் என்றுகூட ஒருவர் சொன்னாராம். செல்லதுரை குடிக்கிறவரே அல்ல. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு நடந்ததாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அவருடைய மகள் கனிமொழி கடைக்கு வந்தாள். தஞ்சாவூரில் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறவள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பள்ளியில் முதலாவது வந்தபோது படத்தோடு மடலில் போட்டவள் ஜாய்ஸ்தான். அன்றிலிருந்து வாய் நிறைய "அக்கா" என்பாள்.

"அக்கா, ஒரு மனு அடிக்கணும். தாசில்தாருக்கு."

"சொல்லும்மா."

ஜாய்ஸ் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். கனிமொழி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் அப்பா உடைப்பன்று காலை பதினோரு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டார், அதைப் பார்த்த சாட்சி இருவர் இருக்கிறார்கள். கரையில் புதைந்த பழைய தூம்பைப் பற்றி ஆகஸ்டிலேயே குழுத் தலைவரிடம் சொன்னார், தலைவரோ அவர் தன்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று இப்போது மறுக்கிறார். ஜாய்ஸின் விரல்கள் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"இதை 'குமிழேரி மடல்' நடத்தும் திருமதி ஜாய்ஸ் அவர்களுக்கும் வாட்ஸ்அப் மூலம் தெரிவித்தார்."

அதையும் அடித்தாள். அடித்து முடித்ததும் விரல்கள் நின்றன.

"அது சரிதானேக்கா? அப்பாவோட போன் அன்னைக்கே உடைப்புத் தண்ணில போயிருச்சு. அதுல ஒண்ணும் எடுக்க முடியல. ஒங்ககிட்ட இருக்கும்ல?"

ஜாய்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ பேருந்து நேரம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னாள். பிறகு கனிமொழி பக்கம் திரும்பாமலே, "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றாள். "அப்ப நெறைய பேர் அனுப்பினாங்க. எடமில்லாம எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

கனிமொழி திரையில் அந்த வரியை ஒரு முறை படித்தாள்.

"அப்ப அந்த வரிய எடுத்துருங்கக்கா. பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

ஜாய்ஸ் அந்த வரியை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயர் வரைக்கும், பிறகு அதற்கு முன்னால் இருந்ததையும். பதிவோ அவளுடைய கைபேசியில் அப்படியே இருந்தது. மேசை மேல், கனிமொழியின் கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தப் பதிவைக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். 'நீங்க ஒரு வார்த்தை எழுதுனீங்கன்னா' என்ற இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவிடுவாள். அழித்துவிடலாம் என்று விரலை வைப்பாள், முடியாது. யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பாள், அதுவும் முடியாது. கனிமொழியிடம் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இப்போது முதலில் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸ் வந்தது. சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, செய்ததாலும் செய்யத் தவறியதாலும் என்ற இடத்தில் அவள் மட்டும் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டாள். பக்கத்தில் நின்ற ஜோசப்ராஜ் திரும்பிப் பார்த்தார். ஏரிப் பக்கம் போவதையே அவள் நிறுத்திவிட்டாள். ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றுவழியில் போனாள். இரண்டு மடல்களில் ஏரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊரில் ஒருவர்கூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்தோணிமுத்து கடைக்கு வந்து நிவாரணப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி, "நீ இருக்குறதாலதாம்மா எங்களுக்கெல்லாம் ஒத்தாசை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தாண்டுக்கு மருதையன் ஒரு டப்பா இனிப்போடு வந்தார். போகும்போது வாசலில் நின்று, "அன்னைக்குப் போன்ல நீ என்னமோ கேட்டியேம்மா, தூம்பு கீம்புன்னு. அதெல்லாம் இனிமே எதுக்கு? நடந்தது நடந்துபோச்சு. பொங்கலுக்கு அப்புறம் கரைய அடைச்சிருவோம், பழைய மாதிரியே கல்லும் பதிச்சிருவோம்" என்றார். அதே சிரித்த முகம். மிரட்டல் எதுவும் இல்லை. அவளும் தானும் ஒரே பக்கம் நிற்பது போல, இயல்பாகப் பேசினார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஒரே பக்கம்தான் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் ஜோசப்ராஜ் பணி முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கடைசி வரை கேட்டார்.

"இத எத்தனை நாளா வச்சிருக்க?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"அந்தப் புள்ளைகிட்ட இல்லைன்னா சொன்ன?"

அவள் தலையாட்டினாள். அவர் கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். "நீ முதல்ல அந்த மனுஷனப் போயிப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

தேங்காய்க் களம் பட்டுக்கோட்டையிலிருந்து இன்னும் ஆறு கிலோமீட்டர். தோப்புக்கு நடுவே மலை போலத் தேங்காய்க் குவியல். தரையில் நட்ட கடப்பாரை முனையில் செல்லதுரை ஒவ்வொரு காயாகக் குத்தித் திருப்பி உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. இவ்வளவு தூரம்?"

அந்த 'வாங்கம்மா'வைக் கேட்டதும், பேருந்தில் தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"அண்ணே, நீங்க அனுப்புனது என்கிட்ட இருக்கு. அழிக்கல. கனிமொழிகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

செல்லதுரை முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"நீங்க கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா. அனுப்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நீலக் கோடு விழுந்துச்சே. கையெடுத்துக் கும்புடுற மாதிரி ஒண்ணு அனுப்புனீங்க."

"பின்ன ஏன்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. எம் பொண்ணுகிட்ட சொன்னேன். அது ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சு. நீங்க இல்லைன்னுட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் அது என்னையே ஒரு மாதிரி பாத்துச்சும்மா. அப்பா நெசமாத்தான் அனுப்புனீங்களா, இல்ல அனுப்புறதா நெனச்சுக்கிட்டீங்களான்னு. அதான் எனக்குத் தாங்கல. மத்தவங்க பேசுனதெல்லாம் கூடப் பரவால்ல."

ஜாய்ஸ் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. ஒரு இளநீரை வெட்டிக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"இருபத்தாறாம் தேதி கிராம சபையில சொல்லிடறேண்ணே. எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டிடறேன்."

"எனக்காகச் சொல்றதா இருந்தா வேண்டாம்மா. எனக்கு இங்க வேலை இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "கரைய அடைக்கப் போறாங்களாமே. தூம்போட பாதிக் கல்லு இன்னும் அடியிலதான் கெடக்கு. அத எடுக்காமயே மேல மண்ணக் கொட்டப் போறாங்களாம், அந்தோணிமுத்து அண்ணன் சொன்னாரு. திரும்பவும் உடையும். அடுத்த தடவ கரை மேல ஆள் இருந்தா? அதுக்காகச் சொல்லுங்க."

குடியரசு நாளன்று காலை பத்து மணிக்குப் பள்ளி மைதானத்துப் பந்தலில் கிராம சபை நடந்தது. இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசையில் மருதையன். பெண்கள் பக்கம் கடைசியில் கனிமொழி நின்றுகொண்டிருந்தாள். ஏரிக்கரை சீரமைப்பு என்று தீர்மானம் படித்ததும் ஜாய்ஸ் எழுந்து மைக்கைக் கேட்டாள். மடல் நடத்துகிறவள் ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று மருதையன் உட்பட எல்லாரும் நினைத்தார்கள்.

"இது ஆகஸ்ட் மாசம் செல்லதுரை அண்ணன் எனக்கு அனுப்புனது" என்றாள். கைபேசியை மைக்கின் அருகே பிடித்தாள். முதல் இரண்டு வார்த்தை சரியாக விழவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டாள். செல்லதுரையின் குரல் ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. மருதையன் பெயர் வந்த இடத்தில் சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

முடிந்ததும் ஜாய்ஸ் பேசினாள். "இத நான் அன்னைக்கே கேட்டேன். மருதையன் சாருக்குப் போன் பண்ணேன். அவர் வேண்டாம்னாரு, நானும் விட்டுட்டேன். அவர் வேண்டாம்னு சொன்னதால மட்டும் இல்ல. எனக்கே அந்த நடைபாதையப் பேர்க்க மனசு வரல. போயி ஒரு தடவ பாக்கக்கூட இல்ல. கரை உடைஞ்சப்புறம் செல்லதுரை அண்ணன் மேல பழி போட்டு எழுதினேன். கனிமொழி வந்து கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். இப்ப அதே எடத்துல தூம்ப எடுக்காம மண்ணக் கொட்டுறாங்க. அத நிறுத்தணும்."

மருதையன் எழுந்தார். "இவ்வளவு நாள் கழிச்சு…" என்று தொடங்கினார். அந்தோணிமுத்து எழுந்து, "ஒக்காருங்க மருதையன். ஒங்ககிட்ட அவன் சொன்னானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். மருதையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு வெளியேறினார். மறு வாரம் உடம்பு சரியில்லை என்று தலைவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

கூட்டம் ஜாய்ஸை விட்டுவிடவில்லை. பயிர் போன ஒரு பெண் மைக் இல்லாமலே கத்தினாள்: "நூறாண்டு தாங்கும்னு எழுதினியே, மூணு மாசம் தாங்குச்சாடி?" ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லப்போனால், அந்தப் பெண் கத்தியபோதுதான் இரண்டு மாதத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது போல் அவளுக்கு இருந்தது. அதற்காகவும் பிறகு வெட்கப்பட்டாள். திரும்பிப் பார்த்தபோது கனிமொழி நின்ற இடத்தில் இல்லை.

கரையை மறுபடி தோண்டினார்கள். ஆறடி ஆழத்தில் தூம்பின் கற்கள் வரிசையாக இருந்தன. எடுத்து வெளியே அடுக்கினார்கள். களிமண் போட்டு மிதித்து ஏற்ற ஏப்ரல் ஆகிவிட்டது. விவசாயிகள் நான்கு பேர் தேங்காய்க் களத்துக்கே போய் செல்லதுரையைக் கூப்பிட்டார்கள். அவர் உடனே வரவில்லை. மடலில் ஷட்டர் விஷயத்தைத் திருத்திப் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம். ஜாய்ஸ் முதல் பக்கத்தில், தலைப்புக்கும் மேலே, "நீர்பாய்ச்சி திரு. செல்லதுரை உடைப்பன்று காலை பதினோரு மணிக்கே கலிங்கு ஷட்டரைத் திறந்திருந்தார். அவர் தாமதித்ததாக இம்மடல் எழுதியது பொய்" என்று போட்டாள். 'தவறு' என்று முதலில் அடித்துவிட்டு, 'பொய்' என்று மாற்றினாள்.

செல்லதுரை ஜூன் மாதம் திரும்பி வந்தார். வழியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களாம்மா" என்பார். அதற்கு மேல் நிற்க மாட்டார்.

மடலின் பிரதிகள் டீக்கடையில் முன்பு போலத் தீர்ந்துபோவதில்லை, மீதம் கிடக்கின்றன. நிறுத்திவிடலாமா என்று ஜாய்ஸ் கேட்டதற்கு, "நிறுத்திட்டா நிம்மதியா இருந்துருவியா?" என்றார் ஜோசப்ராஜ். அவள் நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் எந்தச் செய்தி வந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள். குடிநீர்த் தொட்டி கழுவினார்கள் என்றால், ஏணியில் ஏறி எட்டிப் பார்க்கிறாள். ஊரில் சிலர் சிரிக்கிறார்கள்.

கனிமொழி படிப்பை முடித்துத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள். வேலைக்கான சான்றிதழ் நகல்களை எல்லாம் ஒரத்தநாட்டில் எடுத்துக்கொண்டதாக ஜாய்ஸுக்குத் தெரியும். விடுப்புக்கு வந்து திரும்பும்போது எதிரே உள்ள நிறுத்தத்தில்தான் நின்றாக வேண்டும். செப்டம்பரில் ஒரு நாள், நல்ல வெயில். நிறுத்தத்தில் கூரை இல்லை. மற்றவர்கள் எல்லாம் வழக்கம் போலக் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கனிமொழி மட்டும் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஜாய்ஸ் எழுந்து வாசலுக்கு வந்தாள். "கனி, வெயில்ல நிக்காதம்மா. உள்ள வா."

கனிமொழி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. "இருக்கட்டுங்க. பஸ் இப்ப வந்துரும்" என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை. பேருந்து வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜாய்ஸுக்கு அது தெரியும். மடலில் நேரம் போடுகிறவள் அவள்தான். அவள் உள்ளே போகாமல், வெயில் முகத்தில் விழ, பேருந்து வரும் வரை கடை வாசலிலேயே நின்றாள்.